விசிலுக்கும் வெடிக்கும் நடுவில்

எனக்கு எழுபத்தொன்பது வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. எது யார் பெற்ற பிள்ளை என்று அயலில் ஒருவருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது, அப்படி வளர்த்தேன். பள்ளிக்கூடம் மட்டும் எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்து வைப்பேன், கடைப் பெயர் எழுத்துக்கூட்டுவேன், அதற்கு மேல் போகாது. அதனால் நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள்.

நாங்கள் இருப்பது சுவிஸில், சோலோதுர்ன் என்கிற ஊரில், மகள் வீட்டில். வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதற்கும் பின்னால் மலை ஏறுகிற காடு. ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருடம் என்னைக் கூப்பிட்டு எடுத்தார்கள். வந்த வருடமே, இலை கொட்டுகிற காலத்தில், அந்தக் காட்டுக்குள் வெடி கேட்டது. ரொட்டிக்குக் குழைத்த மாவுக் கையோடு குளியலறைக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். மகள் வெளியில் நின்று, "அம்மா, அது வேட்டைக்காரர். மான் சுடுகினம்," என்றாள்.

"சுடுறதெண்டால் முதலே சொல்லிப்போட்டுச் சுடச் சொல்லு!" என்று உள்ளே இருந்தபடி சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு வருடா வருடம் அவள் முதல் நாளே வந்து சொல்லிவிடுவாள்.

பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரியும் வேட்டைக்காரிதான். மற்ற நாட்களில் பல் வைத்தியரிடம் வேலை. அவளிடம் இரண்டு நாய்கள். ஒன்று உயரமான, பார்க்க லட்சணமான நாய். மற்றது குட்டைக் கால், தொங்கிய காது. வேட்டைக்குக் குட்டையனைத்தான் கொண்டுபோவாள். லட்சணமானது சன்னலுக்குள் நின்று ஊளையிடும். ஏன் அப்படி என்று பேத்தியைக் கொண்டு கேட்பித்தேன். குட்டைக் கால் நாய் மெதுவாகப் போகுமாம், மான் பதறாமல் பற்றையை விட்டு வெளியே வருமாம். குரைத்துக்கொண்டே போவதால் நாய் நிற்கிற இடம் எல்லோருக்கும் தெரியுமாம். பெரிய நாய், ஒன்றைக் கண்டுவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பாதாம். இவ்வளவும் போதாதென்று குட்டையனுக்குக் கழுத்தில் மணியும் செம்மஞ்சள் சட்டையும் போட்டுவிடுவாள்.

"எங்கட ஐயாவும் இப்பிடித்தான் நாய் தெரிஞ்சவர்," என்றேன்.

"உங்கட நாயும் சட்டை போட்டதோ அம்மம்மா?" என்று பேத்தி பகிடி விட்டாள்.

"எங்களுக்கே ஒழுங்கான சட்டை இல்லை. அதுக்கை நாய்க்கோ?"

என் தகப்பன் வன்னியில் வயல் செய்தவர். நெல் வெட்டு முடிந்தால் துவக்கோடு பற்றைக்காட்டுக்கு முயல் சுடப் போவார். எனக்கு எட்டு வயது இருக்கும்போது மாமி வீட்டு நாய் குட்டி போட்டது. ஐயா சிரட்டையில் மீன் தலையும் சோறும் வைத்தார். குட்டிகள் விழுந்தடித்துக்கொண்டு தின்னத் தொடங்க, தள்ளிப் போய் நின்று ஒரு விசில் அடித்தார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஒன்று மட்டும் வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தது. எனக்கோ கொழுத்த கறுப்பன் மேல்தான் கண்.

"அது தின்னத்தான் வளரும்," என்று சொல்லிவிட்டு ஐயா சுட்டியைத் தூக்கிக்கொண்டார்.

பழக்கியது நானும் அவரும். நான் வீட்டு வளவின் ஒரு மூலையில் சுட்டியைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அவர் மற்ற மூலையில் நின்று விசில் அடித்ததும் விட வேண்டும். பிறகு கோழியைத் துரத்தும்போது விசில், மீன் முள்ளைக் கடிக்கும்போது விசில். முள்ளைப் போட்டுவிட்டு ஓடிப் போகும். சில மாதத்தில், வாயில் என்ன இருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு அது திரும்பாத நாளே இல்லை. "இது என்ரை மகள் பழக்கின நாய்," என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் ஐயா சொல்லுவார். எனக்குப் பெருமையில் தலை முகட்டில் இடிக்கும்.

காட்டுக்குள் என்னைக் கொண்டுபோக மாட்டார். குளக்கட்டில் நின்று காதால்தான் நான் வேட்டை பார்த்தது. நாய் பற்றைக்குள் போகும், துவக்குக்காரன் வெளியே நிற்பான். கீச்சென்று குரைத்தால் முயல். குரல் தடித்தால் பன்றி. பன்றி நாயைக் கிழித்துவிடும் என்று உடனே ஐயா விசில் அடித்துக் கூப்பிட்டுவிடுவார். விசில் கேட்டபின் நாய் வந்து காலடியில் நிற்கும் வரை துவக்கின் வாய் வானத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்டளை. அந்த நேரம் காடு சத்தமில்லாமல் கிடக்கும். சுட்டி வந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு அந்த அமைதியில் தெரியும்.

ஒரு நாள் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற பெரியவர் ஒருவர் காரில் வந்தார். காணி அலுவலில் ஐயாவுக்கு உதவி செய்தவர். புதுத் துவக்கு, மினுங்குகிற சப்பாத்து. வேட்டை பார்க்க ஆசை என்றார். மாட்டேன் என்று சொல்ல ஐயாவுக்கு வாய் வரவில்லை. நான் குளக்கட்டுக்கு ஓடினேன். சுட்டி குரைத்தது. குரல் தடித்தது. விசில் கேட்டது, கேட்டதோடு வெடியும் கேட்டது. பன்றி பட்டுவிட்டது என்று நான் துள்ளினேன்.

மத்தியானம் ஐயா தனியே வந்தார். நாய் இல்லை. தோளில் சால்வை இல்லை; சால்வை இல்லாத ஐயாவை நான் அதுவரை கண்டதில்லை. நகத்துக்குள் செம்மண்.

"சுட்டி எங்கை ஐயா?"

"அந்தப் பெரியவர் ஆசைப்பட்டுக் கேட்டார், பிள்ளை. குடுத்து விட்டிட்டன்."

"சால்வை?"

"புது இடமெல்லே. என்ரை மணத்தோடை கிடக்கட்டும் எண்டு அதையும் சேர்த்து விட்டன்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஐயா அவளைப் பார்த்தார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சில நாளில் கந்தோர்ப் பெரியவரிடமிருந்து ஒரு தகரப் பேணி நிறையப் பிஸ்கட் வந்தது. நாய்க்குக் கிடைத்த விலை இதுதான் என்று நினைத்து, என் பங்கைக் கோழிக்கு வீசினேன். "நாய் வித்த பிஸ்கட் எனக்கு வேண்டாம்!" என்று ஐயாவுக்குக் கேட்கக் கத்தினேன். அவரும் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. துவக்கைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் விசில் அடித்து நான் கேட்டதில்லை. நாய் இல்லை, யாருக்கு அடிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றோடு அவருடன் முகம் கொடுத்துக் கதைப்பதை விட்டேன். "சாப்பிட்டியோ பிள்ளை?" என்பார். "ஓம்," என்று சொல்லி நழுவிவிடுவேன். பத்து வருடம் இப்படியே போனது. கலியாணத்தன்று காலில் விழுந்து எழும்பும்போதுகூட, "நாயைக் குடுத்த மாதிரி என்னையும் குடுக்கிறியள்," என்றேன். பகிடி என்று நினைத்துச் சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் தலையில் கையை வைத்து, எடுக்காமல் நின்றார். அடுத்த மாரிக்கு அவர் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னர், இதே இலை கொட்டுகிற காலம். மலைக்குள் கொம்பு ஊதிக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி புல்வெளியால் இறங்கி வந்தாள். அந்தக் குளிரில் தோள்வரை வெறுங்கை. அவளுடைய தடித்த சட்டை குட்டையனைச் சுற்றியிருந்தது; அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நானும் பேத்தியும் வெளியே ஓடினோம். நாயின் பாதத்தில் முள்ளுக்கம்பி வெட்டியதுதான், வேறொன்றுமில்லை என்றாள். கொம்பு எதற்கு ஊதுவது என்று பேத்தி அவளைக் கேட்டுவிட்டு எனக்குச் சொன்னாள்:

"கொம்பு ஊதினால் பிறகு ஒருத்தரும் சுடக்கூடாதாம் அம்மம்மா. அப்பதானாம் நாய் எல்லாம் திரும்பி ஓடி வாறது. பத்தை ஆடும். மிருகம் எண்டு நினைச்சுச் சுட்டால் நாயிலைதான் படுமாம்."

நான் அந்த மனுசியின் வெறுங்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அது ஐயாவின் வெறுந்தோளாகத் தெரிந்தது.

சுட்டி காரில் ஏறவேயில்லை. கூப்பிட்டதும், பழக்கியபடி, பன்றியை விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்திருக்கிறது. ஆடின பற்றைக்கு அந்தப் பெரியவர் வெடி வைத்துவிட்டார். ஐயா சால்வையில் சுற்றி மண்ணில் தாட்டுவிட்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருப்பேன்: அது ஏன் அந்த நேரம் வெளியே வந்தது? அதற்கு மறுமொழி, நான் அதைப் பழக்கிய எங்கள் வளவில் இருந்தது. அந்த மறுமொழி என் காதில் விழாதிருக்க, நாயைக் கொடுத்த மனுசன் என்ற பெயரை அவர் வாங்கிக்கொண்டார். நானும் அவர் சாகும் வரை அந்தப் பெயரைத்தான் சொன்னேன்.

"ஏன் அழுறியள் அம்மம்மா? நாய்க்கு ஒண்டும் இல்லையாம்."

"ஓம் பிள்ளை. இந்த நாய்க்கு ஒண்டுமில்லை."

சரி, இவ்வளவு எழுதினது காணும். இனி ஒருக்கால் வாசிச்சுக் காட்டு, என்ரை செல்லம். சத்தமாய் வாசி. ஐயா விசில் அடிக்கிற இடம் வந்தால் உடனை அடுத்த சொல்லுக்குப் போகாதை. அதிலை கொஞ்சம் நில்லு. சுட்டி வந்து சேரட்டும்.