மாசக் கணக்கு தப்பு என்று நான் சொன்னது

காலை ஷிஃப்டுக்குக் கதவைத் திறந்ததுமே ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறும். அப்புறம் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மரின் வெதுவெதுப்பு... அதற்கும் பின்னால் வென்டிலேட்டர் விடாமல் மூச்சு ஊதுகிற சத்தம்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் பச்சைக் குழந்தைகளுக்கென்று வென்டிலேட்டர் வைத்திருந்த ஆஸ்பத்திரிகள் சொற்பம். எங்கள் வார்டில் இரண்டு இருந்தன. துடியலூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து வேலைக்கு வந்துகொண்டிருந்த எனக்கு இருபத்து மூன்று வயது. நர்ஸிங் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த வாய் செய்த வேலையைத்தான் இன்று எழுதுகிறேன்.

ஜோதிமணிக்குப் பொள்ளாச்சிப் பக்கம். சொந்த அத்தை மகனையே கட்டியிருந்தாள். அவர் லாரி டிரைவர். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். முதல் குழந்தை மூச்சுத் திணறி மூன்றாம் நாளே போய்விட்டது. இது இரண்டாவது. பெண் குழந்தை, மூன்று கிலோவுக்கு மேல், கன்னம் கொழுகொழு என்று... பிறந்த சில மணி நேரத்தில் முனக ஆரம்பித்து நீலம் பாய்ந்துவிட, எங்களிடம் கொண்டு வந்தார்கள்.

நுரையீரலில் இருக்கும் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் மூச்சை வெளியே விடும்போது ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதற்கு உள்ளே கொழுப்பும் சில புரதங்களும் கலந்த ஒரு வழவழப்பு வேண்டும். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது தேவையான அளவு சுரக்கும். அதனால் குறைமாதக் குழந்தைகளுக்குத்தான் இந்தத் திணறல் வரும். நான் படித்தது அவ்வளவுதான்.

மாமியார், அதாவது ஜோதிமணியின் அத்தை, கதவருகே என்னை நிறுத்தி, குழந்தைக்கு ஏன் இப்படி என்று கேட்டார்.

"கொறமாசக் கொழந்தைகளுக்குத்தானுங்க இப்படி வரும். மாசக் கணக்க எங்கியோ தப்பாப் போட்டிருப்பீங்கம்மா."

சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் வந்து பார்த்தால் ஜோதிமணி கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. டிபன் கேரியர் திறக்காமல் கிடந்தது. புருஷன் மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்தபடி நின்றார். விஷயத்தை ஆயாம்மாதான் சொன்னார். அத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். மாசம் குறைந்தது என்றால் கரு தங்கியதே பிந்தித்தான் இருக்க வேண்டும், அந்தச் சமயத்தில் மகன் ஊரிலேயே இல்லை, லோடோடு நாக்பூர்ப் பக்கம் இருந்திருக்கிறார்...

அது குறைமாதக் குழந்தையே இல்லை. வந்த அன்று உடம்பைப் பார்த்து, மாதம் நிறைந்த குழந்தை என்று சார்ட்டில் எழுதியவளே நான்தான். எழுதியது ஒன்று, வாய் சொன்னது இன்னொன்று.

இதற்கிடையில் குழந்தைக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். அந்த வழவழப்பையே மருந்தாக்கி மூச்சுக் குழாய் வழியாக விடுவது அப்போது எங்களுக்குப் புதிது. பக்கத்து வார்மரில் இருந்த, ஏழாம் மாதத்திலேயே பிறந்த பையன் அதை வாங்கிக்கொண்டு தேறிவிட்டான். இவளும் அரை நாள் சிவந்தாள், மறுபடி நீலமானாள். இரண்டாவது தடவையும் அதேதான்.

எங்கள் டாக்டரம்மா முதல் குழந்தையின் பழைய சார்ட், இவளுடைய புது சார்ட் இரண்டையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எனக்குச் சொன்னார். குறைமாதக் குழந்தைக்கு இந்த மருந்து கைமாற்று மாதிரி, கொஞ்ச நாளில் அதன் நுரையீரலே சொந்தமாகச் சுரந்துகொள்ளும். ஆனால் அந்தப் புரதத்தைச் செய்யும் ஜீனே பழுதாக இருந்தால் மாதம் நிறைந்தும் சுரக்காது. சமீபத்தில்தான் வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்கள். உறுதி செய்ய இங்கே டெஸ்ட் இல்லை, ஆனால் இது அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

நான் அழுதுகொண்டே என் தப்பைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீ சொன்னத நீயே போய் மாத்திச் சொல்லு. நானும் வாரேன்" என்றார்.

அத்தையையும் மகனையும் உள்ளே கூட்டி வந்தோம். குழந்தையின் பாதத்தைத் தூக்கிக் காட்டினேன். விரலிலிருந்து குதிகால் வரை ரேகை ஓடியிருந்தது. குறைமாதம் என்றால் இவ்வளவு இருக்காது, நேற்று நான் சொன்னது தப்பு என்றேன். டாக்டரம்மா ஜீனைப் பற்றி நிதானமாக விளக்கினார்.

அத்தை கேட்டார், "அப்ப இது எங்க ஊட்டு வழியிலயும் வந்ததுங்களா?"

"அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு, ஆத்தாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டும் சேந்தாத்தானுங்கம்மா இந்த நோவே வரும். ரெண்டு பேரும் ஒரே ரத்தம், அதுல ரெண்டு பேருக்கும் எறங்கியிருக்குது. ஒருத்தர் மேலயும் தப்பு இல்லீங்க" என்றார் டாக்டரம்மா.

மகன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்புறம் அத்தை நேராக மருமகளிடம் போய் டிபன் கேரியரைத் திறந்தார். "எந்திரி கண்ணு... ரெண்டு வாய் உண்ணு" என்றது எனக்குக் கேட்டது.

குழந்தை பதினோரு நாள் இருந்தாள்.

இப்போது நிலைமை வேறு. துளி ரத்தம் அனுப்பினால் எந்த ஜீன், அதில் எந்த இடத்தில் பழுது என்று ரிப்போர்ட் வந்துவிடுகிறது. அடுத்த பிள்ளைக்கு முன்னாலேயே தம்பதியை உட்கார வைத்து, நான்கில் ஒரு பங்கு ஆபத்து என்று சொல்ல முடிகிறது. அதை எடுத்துச் சொல்லவே படித்தவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு நுரையீரலைப் பற்றி அந்தக் குடும்பம் கேட்ட முதல் விளக்கம் என்னுடையதாக இருந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது ஜோதிமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரோ என்னென்னமோ சொல்லிப்போட்டாங்க சிஸ்டர். நீங்கதான் என்ற பேரக் காப்பாத்துனீங்க."

அத்தை அவளிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. தலையை ஆட்டி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்... இன்னும் அது என்னிடம்தான் இருக்கிறது.