நிலாவின் கைக்கு நந்தியாவட்டை

எங்கள் தெருவில் பாவு பிணைக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் தீபாவைத்தான் கூப்பிடுவார்கள். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையின் நுனியையும் புதுப் பாவின் நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் உருட்டிப் பிணைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால், இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற அச்சின் பல்லில் மாட்டிக்கொள்ளும். தீபா பிணைத்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதற்குத்தான் எங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் பாராட்டி வைத்திருக்கிறோம்?

ஆனால் அவள் மனசு தறியில் இல்லை, கொக்கி ஊசியில் இருந்தது. கைப்பேசியில் பார்த்துக் குரோஷே கற்றுக்கொண்டவள், மற்றவர்களைப் போல மேசை விரிப்போடு நிற்கவில்லை. பூவைப் பறித்து வந்து, கவிழ்த்து, பிய்த்து, காம்பு எந்த இடத்தில் இதழைப் பிடித்திருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு அதை நூலில் பின்னுவாள். கழுத்தில் பூசணிப்பூ வைத்த கவுன், ஓரத்தில் ஆவாரம்பூ ஓடும் சட்டை என்று அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் போட்டு அழகு பார்த்தாள். அவள் கணவன் சம்பந்தம் பட்டு நெய்கிறவன். இதையெல்லாம் பொழுதுபோக்கு என்பான்.

தெள்ளாரிலிருந்து தினமும் பஸ்ஸில் எங்கள் ஆரணிக்கு வந்து ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் பெண் நிலா. மாநிறம், களையான முகம். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கல்யாணம் நிச்சயமானதும் தீபாவைத் தேடி வந்தவள், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இடது கையைக் காட்டினாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை திட்டுத் திட்டாக வெண்படை. மாப்பிள்ளைக்குத் தெரியுமாம், அவனுடைய உறவுக்காரர்களுக்குத் தெரியாதாம். வரவேற்பு அன்று ஒரு நாளாவது மற்றப் பெண்களைப் போல மேடையில் நிற்க வேண்டும் என்றாள்.

“கை தெரியணும்க்கா. இது மட்டும் தெரியக் கூடாது.”

தீபா மெல்லிய தாளை அந்தக் கையில் சுற்றித் திட்டுகளை வரைந்துகொண்டாள். வெள்ளைத் திட்டின் மேல் வெள்ளைப் பூ உட்கார்ந்தால், பின்னலின் இடுக்கில் தெரியும் தோலும் பூவாகவே தெரியும். இந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். முழுக்கை வைத்த பின்னல் சட்டை; அதன் கையில் பெரிய திட்டுகளுக்கு அடுக்கு நந்தியாவட்டை, மணிக்கட்டுக்குத் தும்பை. பூக்களுக்கு நடுவே நிலாவின் நிறத்திலேயே கடையில் வாங்கிய நூலில் வலை. இரண்டு கையும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே, அதனால் வலக் கைக்கும் அதே பூக்கள்.

பூக்களுக்கு மட்டும் பட்டுதான் என்று பிடிவாதம் பிடித்தாள். தறியில் அறுத்துப் போட்ட வெள்ளைப் பட்டு நூல் துண்டுகள் வீட்டில் கிடந்தன. எல்லாம் முழம், இரண்டு முழம். அதனால் என்ன? இழை தீர்ந்த இடத்திலெல்லாம் விரலில் சாம்பல் தொட்டு உருட்டி அடுத்த துண்டைப் பிணைத்தாள், மேலே பின்னிக்கொண்டு போனாள். யோசிக்காமலே கை அதைச் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை வரவேற்பு. சனிக்கிழமை காலை சட்டை முடிந்தது. சாம்பல் ஒட்டிப் பூக்கள் மங்கியிருந்ததால் தண்ணீரில் அலசி, மாடியில் பாய் விரித்து, குண்டூசி குத்திக் காயவைத்தாள். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் தோள் பக்கத்து நந்தியாவட்டையில் ஓர் இதழைக் காணோம். அந்த இடத்தில் சுருள் சுருளாக நூல். தொட்டாள். அடுத்த இதழும் கழன்றது.

அவள் போட்ட சத்தம் கேட்டு மேலே வந்த சம்பந்தம் குனிந்து பார்த்தான்.

“பாவுல பிணைக்கிற மாதிரியே இதுலயும் பிணைச்சியா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தறியில் பிணைத்த இடம் அச்சைத் தாண்டி வந்தால் போதும். அது புடவைக்குள் போவதே இல்லை, வெட்டி எறிந்துவிடுவார்கள். தண்ணீர் படாது, யாரும் உடுத்தவும் மாட்டார்கள். குரோஷே பூவில் ஒரே இழைதான் ஓடுகிறது. ஓரிடத்தில் விட்டால் மொத்தமும் போயிற்று. தறிக்காரர் வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

பிணைத்த இடங்களையெல்லாம் தைத்துவிடலாம் என்று ஊசியை எடுத்து உட்கார்ந்தாள். ஓரிடம்கூட அகப்படவில்லை. தடவினாள், வெயிலில் தூக்கிப் பிடித்தாள். அவள் வேலை அத்தனை சுத்தம். அந்தச் சுத்தத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கண்டுபிடிக்க ஒரே வழி இழுத்துப் பார்ப்பதுதான். இழுத்தால் இப்போதே கழலும், இழுக்காவிட்டால் நாளை மேடையில் கழலும்.

இழுத்தாள். வேறென்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பூவாக இழுத்தாள். பாதி போயிற்று. வலக் கையில் தப்பிய பூக்களை வெட்டியெடுத்து இடக் கையின் ஓட்டைகளில் தைத்தாள். சாப்பாடு கிடையாது. சம்பந்தம் வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

சாயங்காலம் நிலா வந்து போட்டுப் பார்த்தாள். இடக் கையில் ஒரு திட்டும் தெரியவில்லை. கண்ணாடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை காலமும் தன்னுடையதாக இல்லாத ஒரு கை அன்றுதான் கிடைத்தது போல அவள் முகம் இருந்தது. அதற்குப் பிறகுதான் வலது பக்கம் பார்த்தாள். அங்கே சட்டைக்குக் கையே இல்லை. தீபா நடந்ததைச் சொன்னாள். ஒரு கை மட்டும் வைப்பது இப்போது நாகரிகம், படம் காட்டுகிறேன் பார் என்று கெஞ்சினாள்.

நிலா மெதுவாகச் சட்டையைக் கழற்றினாள்.

“இந்தக் கையை மட்டும் ஏன் மூடிகினு இருக்கேன்னு கேப்பாங்கக்கா. கேட்டா, புடிச்சுப் பாப்பாங்க.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தீபாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் சேவூர் மண்டபத்தில் தீபா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். போகாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. மேடையில் நிலா கருநீல வெல்வெட்டில் முழுக்கை ரவிக்கை போட்டு, வேர்த்து வழிய, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தீபாவுக்கு முந்தின வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் பெருமையாகப் பேசினாள்.

“இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு இப்பிடிக் கையை மூடிகினு நிக்குது சொல்லு? அடக்கமான பொண்ணு. ஆயுசுக்கும் இப்பிடியே இருக்கணும்.”

வாழ்த்தித்தான் சொன்னாள். தீபாவுக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.