கழுத்தில் வீங்கிய காற்று

தாராவியில் எங்கள் சந்து முழுவதற்கும் ஒரே குழாய். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். அந்த இரண்டு மணி நேரமும் அங்கே போலீசும் நான்தான், ஜட்ஜும் நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. வீட்டுக்கு இரண்டு குடம், பிடித்ததும் நகரு, இன்னும் வேண்டுமென்றால் வரிசையின் கடைசிக்குப் போ என்று ஒருநாள் ஆத்திரத்தில் கத்தினேன். எல்லோரும் அப்படியே கேட்டார்கள். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. குடத்துக்குப் பதிலாகச் செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டு வீட்டில் போய்த் தூங்குகிற மகாராணிகள் சிலர் உண்டு. அவர்களைக் குழாயடியில் நின்றபடியே கூப்பிட்டு எழுப்புவேன். செங்கல்லின் சொந்தக்காரி மட்டுமல்ல, சந்தே எழுந்துவிடும்.

பிறக்கும்போதே எனக்கு இப்படித் தொண்டை வாய்க்கவில்லை. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து பம்பாய் வந்த புதிதில் நான் பேசுவது எனக்கே கேட்காது. என் வீட்டுக்காரர் டப்பா பட்டறையில் வேலை பார்த்தார். நசுங்கிப் போன எண்ணெய் டின்களைச் சுத்தியலால் தட்டி நெளிவெடுத்து மறுபடி விற்பதற்குத் தயார் செய்யும் பட்டறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை டமார் டமார்தான். பத்து வருஷத்தில் அவர் காது அடைத்துப் போனது. அடுத்தவர் பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அவர் சிரித்தால் ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம். என் குரல் ஒன்றுதான் அவருக்குக் கேட்டது, அதுவும் நான் அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான். வருஷம் போகப் போக அவர் காது இறங்க இறங்க என் தொண்டை ஏறிக்கொண்டே போனது.

இதில் தினமும் ஒரு கூத்து நடக்கும். குழாயடியில் யாரையாவது நான் சத்தம் போட்டால், அவரைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து மனுஷன் வீட்டிலிருந்து ஓடி வருவார். சில நாள் வாயில் பல்பொடி நுரையோடு, சில நாள் ஒரு கையில் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு. "என்னயவா கூப்பிட்ட?" என்பார். "உங்கள இல்ல, போங்க" என்று விரட்டுவேன். பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார். மறுநாள் அதே மாதிரி வந்து நிற்பார். எனக்கு வெட்கமும் எரிச்சலுமாக இருக்கும். காது கேட்காத மனுஷனுக்கு இந்தக் குரல் மட்டும் எட்டுகிறதே என்று ஒரு நாளாவது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

கழுத்து வீக்கத்தை முதலில் பார்த்ததும் அவர்தான். காது கேட்காதவர்கள் பேசுகிறவரின் முகத்தையும் கழுத்தையும் விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். ஒருநாள் அரிசி வாங்கி வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அரிசியை விட்டுவிட்டு என் கழுத்தையே பார்த்தார்.

"ஏட்டி, ஒங் கழுத்துல என்னமோ எந்திரிச்சு உக்காருது. நீ நிறுத்துனா அதுவும் படுத்துக்கிடுது."

கண்ணாடியில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கத்தினால்தானே வரும்? கண்ணாடியைப் பார்த்துக் கத்தலாம் என்றால் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பி ஒரு கூப்பாடு போட்டேன். இடது பக்கம் தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது. அமுக்கினால் புஸ்ஸென்று உள்ளே போய்விட்டது. அப்போதுதான் பயந்தேன். கொஞ்ச நாளாகவே தொண்டை கரகரவென்றிருந்ததும், படுத்தால் மூச்சு இழுத்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

பக்கத்து வீட்டு மைனிக்கு எங்கள் ஊர்ப் பக்கம்தான். பார்த்தவுடனே வாய்வு என்று சொல்லிவிட்டாள். பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னாள், மோரில் பெருங்காயம் கலக்கிக் குடிக்கச் சொன்னாள். பதினைந்து நாள் செய்தேன். என் பக்கத்தில் யாரும் உட்கார முடியவில்லை என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

அப்புறம்தான் டாக்டர். இங்கேதான் நான் செய்த பைத்தியக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். குழாயடியில் புலியாக நிற்கிற நான் டாக்டர் முன்னால் வேறு மனுஷி. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வளர்த்தார்கள். டாக்டர், வாத்தியார், பேங்குக்காரர் முன்னால் குரலை உயர்த்தினால் மரியாதை கெட்டவள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "கழுத்துல வீக்கம் சார்" என்று காற்றுப் போல் சொன்னேன். தாராவி டிஸ்பென்சரி டாக்டர் தடவித் தடவிப் பார்த்தார். வீக்கம் எங்கே என்றார். அதுதான் இல்லையே! கத்தினால் வரும் என்று சொல்லலாம்தான். சொன்னால் கத்திக் காட்டு என்பாரோ என்று அதையும் விழுங்கிவிட்டேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். இரண்டாவது தடவை டானிக் எழுதினார். மூன்றாவது தடவை, மனசில் ஏதோ கவலை, கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பி வையுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அதற்குள் வீக்கம் கோழி முட்டை அளவுக்கு வந்துவிட்டது. மைனிதான் திட்டி, பெரிய முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். நானும் அவரும் போனோம். கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டை எடுத்து, காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு வெளியே வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். எனக்கு முன்னால் இன்னும் நான்கே பேர். அந்த நேரம் பார்த்து சஃபாரி சூட் போட்ட ஒரு ஆள் பக்கவாட்டில் வந்து, பியூனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுக் கதவைத் தள்ளினான்.

ஆஸ்பத்திரி என்பது மறந்து போனது. கண்ணுக்குக் குழாயடிதான் தெரிந்தது.

"ஏ பாய்! லைன் மே ஆவோ! இங்க நிக்கவன்லாம் கிறுக்கனா?" என்று இந்தியில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். அந்த ஆள் அப்படியே நின்றான். பின்னால் நின்ற குஜராத்திப் பெண் என் கழுத்தைப் பார்த்து அலறினாள். என் வீட்டுக்காரரோ பக்கத்திலேயே நின்றுகொண்டு, என்னயவா கூப்பிட்ட என்கிறார்!

நான் இன்னும் கத்தி முடிக்கவில்லை, சத்தம் கேட்டு உள்ளே இருந்து டாக்டரம்மா வந்தார். மராட்டிக்காரர், ஒல்லியாகச் சின்னப் பெண் மாதிரி இருந்தார். என் கழுத்தைப் பார்த்த கண் பார்த்தபடி நின்றது. பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்து, இந்தியில் மறுபடியும் கத்தச் சொன்னார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். குரல் வரவில்லை. கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். நான் என்ன செய்ய? கோபமில்லாமல் எப்படிக் கத்துவது, அதுவும் ஒரு டாக்டரைப் பார்த்து? கடைசியில் கெட்டிக்காரி ஒரு காரியம் செய்தார். பியூனைக் கூப்பிட்டு அந்த சஃபாரி சூட்டை உள்ளே வரச் சொன்னார். எல்லோருக்கும் முன்னால் இவருக்குத்தான் முதலில் மருந்து என்றார். அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தில் அந்த அறையின் ஜன்னல் ஆடியது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே என் கழுத்தை அமுக்கினார். புஸ்.

அப்புறம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்கள். எக்ஸ்ரே இரண்டு எடுத்தார்கள். ஒன்று சும்மா, இன்னொன்று மூக்கையும் வாயையும் அடைத்துக்கொண்டு உள்ளுக்குள் முக்கியபடி. இரண்டாவதில் கழுத்துப் பக்கம் வட்டமாக ஒரு கறுப்பு. காற்று படத்தில் கறுப்பாகத்தான் விழுமாம். குரல் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் சின்னதாக ஒரு பை உண்டாம். எனக்கு அதில் காற்று புகுந்து புகுந்து ஊதிப் பெருத்து, கழுத்து வரைக்கும் வந்துவிட்டதாம். லட்சத்தில் ஒருவருக்கு வந்தாலே பெரிது, நானே புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றார் டாக்டரம்மா. ஊதுகிற வாத்தியம் ஏதாவது வாசிப்பாயா, கண்ணாடி ஊதுகிற வேலையா என்று கேட்டார். இல்லை டாக்டர், குழாயடியில் நிற்பேன் என்றேன். படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக வந்து, என்னை முக்கச் சொல்லி என் கழுத்தை அமுக்கிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போய் மைனியிடம் காற்று என்று சொன்னால், அதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன் என்றாள்.

ஆனால் ஆஸ்பத்திரியிலேயே டாக்டரம்மா அடுத்துச் சொன்னதில் என் பெருமை இறங்கிவிட்டது. அப்படியே விட்டால் பையில் சீழ் பிடிக்கலாம், மூச்சுக்குழாயை அடைக்கலாம். கழுத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

இதை என் வீட்டுக்காரரிடம் யார் சொல்வது? டாக்டரம்மா சொன்னால் சிரித்துத் தலையாட்டுவார். நான்தான் சொல்ல வேண்டும், கத்தித்தான் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால், கழுத்து புடைக்கப் புடைக்க, "எங் கொரல் போனாலும் போயிருமாம்! அப்புறம் ஒங்களுக்கு யாரு பேசுறதும் கேக்காது! எனக்கு ஆபரேசன் வேண்டாம்!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்தது.

காது போனதிலிருந்து அவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது, எதைச் சொன்னாலும் ஊருக்கே கேட்கும்படிதான் சொல்வார். அன்றைக்கு மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"நீ பேசாட்டாலும் பரவாயில்லட்டி. மூச்சு விட்டுக்கிட்டு எம் பக்கத்துல இருந்தாப் போதும்."

கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கழுத்தைச் சுற்றிக் கட்டு, மூக்கில் கஞ்சி ஊற்றுகிற குழாய். டாக்டரம்மா ஒரு பாட்டிலைக் காட்டினார். உள்ளே காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கிப் போய் ஒன்று கிடந்தது. இதற்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, மூன்று மாதம் கத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நான் பேசாமல் இருந்த அந்த நாட்களைப் பற்றிச் சந்தில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சமையலுக்கு டோம்பிவிலியிலிருந்து என் தங்கச்சி வந்து இருந்தாள். வேண்டுமானால் தட்டிக் கூப்பிடு என்று என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஒரு டின் மூடியும் கட்டையும் கொண்டு வந்து கொடுத்தார். அவர் காதை அடைத்ததே டின் சத்தம்தான், அது எப்படிக் கேட்கும்? நான் தட்டத் தட்ட ஒவ்வொரு தடவையும் மைனிதான் ஓடி வந்தாள். நான்காம் நாள் மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். குழாயடியிலோ தினமும் ரகளை. செங்கற்கள் ஆட்சி செய்தன. வந்து முறைத்துவிட்டாவது போ என்று கூப்பிட்டார்கள். போய் முறைத்தேன், ஒருத்தியும் சட்டை செய்யவில்லை.

இரண்டு வாரம் முடிந்து ஆஸ்பத்திரியில் முதல் தடவையாகப் பேசச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி நின்றார். "ஏங்க" என்றேன். கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள் ஆக ஆகச் சரியாகும் என்று டாக்டரம்மா தோளைத் தட்டினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். அவர் காரணம் கேட்டார். எப்படிச் சொல்ல? சொன்னால் கேட்காதே.

அதற்குப் பிறகு அவரைத் தொட்டுத்தான் கூப்பிட்டேன். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மைனிக்குக் கேட்டது, கடைக்காரருக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கிறதா என்று கத்திப் பார்க்கவும் வழியில்லை, அதுதான் கூடாது என்று சொல்லிவிட்டார்களே. கேட்காமலே போய்விட்டால் என்கிற பயத்தில், சொன்ன நாளைக்கு மேலும் தள்ளிப்போடலாம் என்றுகூட நினைத்தேன்.

மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காலையில் குடத்தோடு வரிசையில் நின்றேன். சந்துக்குப் புதிதாகக் குடி வந்த ஒருத்தி, ஆறு குடத்தைக் கொண்டுவந்து கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் குழாய்க்கு நேராக வைத்தாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். மூன்றாவது குடத்தை அவள் குழாய்க்குக் கீழே நகர்த்தியபோது என்னையறியாமல் வந்துவிட்டது.

"ஏளா! எடு கொடத்த!"

வந்தது பழைய குரல். கூடுதலாகவே வந்தது என்று மைனி சொல்வாள். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பதறிப்போய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். தையல் போட்ட தழும்பு மட்டும் இருந்தது, புடைப்பு இல்லை. புதியவள் ஆறு குடத்தையும் அள்ளிக்கொண்டு கடைசிக்கு ஓடினாள்.

அப்போது சந்தின் அந்தக் கோடியில் எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை, மறு பாதியை மழித்திருந்தது. கையில் ரேசரோடு, குடங்களைத் தாண்டிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"என்னயவா கூப்பிட்ட?"

பெண்கள் எல்லாம் சிரிக்கத் தயாராக என் முகத்தைப் பார்த்தார்கள். உங்கள இல்ல, போங்க என்பதுதான் இத்தனை வருஷமும் நான் சொன்னது.

"ஆமா" என்றேன். "ஒங்களத்தான் கூப்பிட்டேன்."