தடுப்புக்குப் பின்னால் ரைசா

ரைசா சோர்கினை எங்கள் யூத ஜெபக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் பழக்கம் இல்லை. ஒடெசாவில் பிறந்து, இஸ்ரேலில் அஷ்கெலோனில் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு கனடாவுக்கு, இந்த வினிபெக்குக்கு வந்தவள். பல் மருத்துவர் ஒருவரிடம் பற்களைச் சுத்தம் செய்யும் வேலை. சபாத் அன்று, அதாவது சனிக்கிழமை ஓய்வுநாளில், ஆண்களைப் பிரிக்கும் தடுப்புக்கு அந்தப்புறம் பெண்கள் பக்கத்தில், கடைசி வரிசையில், கதவோரமாக உட்காருவாள். கோட்டைக் கழற்ற மாட்டாள். எந்த நிமிடம் எழுந்து ஓட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

காரணம் அவள் மகன் யோனா. ஆட்டிசம். பசித்தால் ‘ரொட்டி’ என்பான், போதுமென்றால் ‘வீடு’ என்பான். அதற்கு மேல் பேச்சு கிடையாது. யாராவது பலமாகத் தும்மினால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவான். கூடத்தில் இருக்கும் அத்தனை தலைகளும் திரும்பும். ஒருவரும் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரைசா மகனை அணைத்தபடி பனியில் இறங்கிப் போய்விடுவாள். மற்ற வீடுகளிலிருந்து பிறந்தநாள் அழைப்புகள் முதலில் நின்றன, பிறகு சபாத் மதியச் சாப்பாட்டு அழைப்புகள். புருஷன் லெவ் ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், மாதம் ஒருமுறை வந்தான், பிறகு பண்டிகைக்கு வந்தான், பிறகு ஞாயிறுதோறும் தொலைபேசியில் மட்டும் வந்தான்.

எங்கள் வேதமான தோராவின் சுருளுக்கு முன்னால் யாரை எப்போது வாசிக்க அழைப்பது என்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதனால் அவள் எங்கள் குருவான ரபி எல்கானாவைப் பார்க்க வந்த அன்று நானும் அறையில் இருந்தேன்.

“ரபி, வர்ற மார்ச்சுல இவனுக்குப் பதிமூணு முடியுது.”

“தெரியும்மா. நீ கவலையே படாதே. பதிமூணு முடிஞ்சா பையன் பெரியவன். அவன் ஒன்னும் செய்ய வேண்டாம். அன்னிக்குத் தூங்கிட்டு இருந்தாக்கூட அவன் பெரிய மனுஷன்தான். சட்டமே அப்படித்தான்.”

“தூங்க வைக்கறதுக்கா உங்ககிட்ட வந்தேன்?”

ரபி சிரித்துவிட்டார். “சரி, என்ன வேணும் சொல்லு.”

“மத்தப் பசங்களுக்கு நடக்கற மாதிரி, சுருள் முன்னால நின்னு வாசிக்கணும். சபாத் அன்னிக்கு. கூடம் நிறைஞ்சிருக்கணும்.”

“கூட்டம் அவனுக்கு ஆகாதேம்மா. திங்கள், வியாழன் காலையிலயும் தோரா வாசிக்கறோம். பத்துப் பேர்தான் இருப்போம். அமைதியா இருக்கும்.”

“யாரும் பாக்காத நாளாப் பாத்துச் சொல்றீங்க.”

ரபியின் மனதில் அப்படி இல்லை. ஆனால் அது அவளிடம் எடுபடாது என்று எங்கள் இருவருக்குமே தெரிந்தது. சபாத் என்றே முடிவாயிற்று.

கூடத்தை அவனுக்குப் பழக்க, வேலை முடிந்து அவள் மகனை அழைத்துவரத் தொடங்கினாள். நான்தான் கதவைத் திறந்து வைப்பேன். முதல் வாரங்களில் அவன் காரைவிட்டு இறங்கவில்லை. பிறகு வாசல் வரை. பிறகு உள்ளே, காலணியோடு, ஒரு கை சுவரைத் தடவியபடி. ஆளில்லாத கூடத்தில் அவனை நடக்கவிட்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் உள்ளே ரஷ்ய மொழியில் காரசாரமாகப் பேச்சு கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்துப் போனால் அவள் மட்டும்தான். என்னைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டது.

“நாள் பூரா அடுத்தவங்க வாயில கை வச்சுக்கிட்டே பேசறேன், பெரெட்ஸ். ஒருத்தராலயும் பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தா இவன். என் கேள்விக்கு நானே பதில் சொல்லிப் பழகிப்போச்சு. சில சமயம் சண்டைகூடப் போட்டுக்கறேன்.”

“யாரு ஜெயிக்கறது?”

“ரெண்டு பேரும் தோத்துடறோம்.”

அன்றுதான் அவள் என்னிடம் சொன்னாள், யோனா பாடுகிறான் என்று. பேசத் தெரியாத பிள்ளை, அன்று வாசிக்க வேண்டிய வசனங்களை அவள் ராகத்தோடு பதிவு செய்து காரில் போட்டபோது, சில வாரங்களில் கூடவே பாட ஆரம்பித்துவிட்டானாம். ஹீட்டர் இரைச்சலில், பின் சீட்டில் மட்டும். அவள் திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவான். உலகத்திலேயே அந்தக் குரலைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அம்மாவைத் தவிர யாரையும் தொடவிடாத அந்தப் பையனுக்கு தெஃபிலின் எப்படிக் கட்டுவது என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். பெரியவனான ஆண் வாரநாள் காலை ஜெபத்துக்குக் கட்டிக்கொள்வது அது; வேத வசனங்கள் அடங்கிய கறுப்புப் பெட்டியைப் புஜத்தில் வைத்து, தோல் வாரை முழங்கையிலிருந்து விரல் வரை இறுக்கிச் சுற்ற வேண்டும். முதல் சுற்றில் உடம்பு விறைத்தது. இரண்டாவது சுற்றில் மூச்சை விட்டான். கடைசிச் சுற்று முடிந்தபோது அவன் தோள்கள் தளர்ந்திருந்தன. அந்த இறுக்கம் அவனுக்குப் பிடித்திருந்தது. அவிழ்க்கப் போனால் கையை இழுத்துக்கொண்டான். வாரைக் கட்டியபின் கதவு அடித்துச் சாத்திக்கொண்டபோதும் காதைப் பொத்தவில்லை.

தைரியம் வந்து ஒரு சபாத் அன்று அவனை ஆண்கள் பக்கம், கூட்டத்துக்குள் அனுப்பிவைத்தாள். அவன் என்னிடம் வந்து சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டினான். சபாத் அன்று தெஃபிலின் கட்டுவதில்லை. அதை அவனுக்கு எப்படிச் சொல்வது? நீட்டிய கையோடு காத்திருந்தான். பிறகு அலறினான். தலைகள் திரும்பின.

மறுநாள் ரைசா ரபியைத் தொலைபேசியில் அழைத்தாள். “வியாழக்கிழமையே வச்சிடுங்க.” என்னிடம்தான் மீதியைச் சொன்னாள். “சபாத் எனக்குத்தான் வேண்டியிருந்துச்சு, அவனுக்கு இல்ல. இத்தனை வருஷமா அந்தத் தலைங்க திரும்பறதப் பாத்தேன். ஒரு தடவையாவது நல்லதுக்குத் திரும்பட்டுமேன்னு இருந்தேன்.”

மார்ச் மாத வியாழன். வெளியே கண் இமை உறையும் குளிர். லெவ் முதல்நாளே விமானத்தில் வந்திருந்தான், புதுச் சட்டையில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். ஆண்கள் பக்கம் வழக்கமான பத்துப் பேரும் இருந்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பெஞ்சுகளில் ரைசா ஒருத்தி. அன்று கோட்டைக் கழற்றியிருந்தாள். உள்ளே நீல நிற உடுப்பு போட்டிருந்தாள். அதைப் பார்க்க யாரும் இல்லை.

யோனாவை அழைத்தேன். வந்தான். கையில் வார் இறுகியிருந்தது. எங்கள் யாரையும் பார்க்காமல், நெற்றி சுருளைத் தொட்டுவிடும் அளவுக்குக் குனிந்துகொண்டான். நான் வரியைச் சுட்டிக்காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. கிழவர் செலிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார், முறைத்தேன்.

பிறகு பாடினான். ஊசி விழும் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பக்கத்தில் நின்ற எனக்கும் ரபிக்கும் மட்டுமே கேட்டது. ஒரு சொல் தவறவில்லை.

மகன் வாசித்து முடித்ததும் தகப்பன் சொல்ல வேண்டிய ஆசி ஒன்று உண்டு: இவனுடைய பொறுப்பிலிருந்து என்னை விடுவித்தவருக்கு ஸ்தோத்திரம் என்று. லெவ்வுக்குக் கணீரென்ற குரல். கன்னத்தில் கண்ணீரோடு முழுதாகச் சொல்லி முடித்தான். கூடம் முழுவதும் கேட்டது.

ஜெபம் முடிந்ததும் ஆண்கள் பக்கத்திலேயே ஹெர்ரிங் மீன், பேகல் ரொட்டி, ஆளுக்கு ஒரு மடக்கு விஸ்கி. “நம்ம பசங்க கத்திக் கத்திப் பாடித் தப்புத் தப்பா வாசிப்பானுங்க. இவன் தப்பே இல்லாம வாசிச்சு அதை நமக்குக் கேக்கவிடல, கஞ்சன்!” என்றார், ரபியிடம் விசாரித்துவிட்டு வந்த செலிக். எல்லோரும் சிரித்தோம். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். லெவ் மகனின் தலையைத் தொடப்போய், கையை இழுத்துக்கொண்டு, விமான நிலையத்துக்கு டாக்சி ஏறினான்.

ரைசா காகிதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவன் பாடினானா, பெரெட்ஸ்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “உனக்குக் கேக்கலையா?”

“லெவ் சொன்னது மட்டும்தான் கேட்டுச்சு.”

“பாடினான். முழுசா.”

“ரெண்டாவது வசனத்துல ஒரு எடத்துல இழுப்பான். அங்கே இழுத்தானா?”

“இழுத்தான்.”

தலையசைத்தாள். தட்டுகளைக் குப்பையில் போட்டாள். “நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க” என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் யோனா வருகிறான். பெரியவர்களான ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் தோரா வாசிக்கலாம்; அந்தப் பத்தில் இப்போது அவனும் ஒருவன். ஆள் குறையும் நாட்களில் அவன் வந்ததும்தான் ஆரம்பிக்கிறோம். நானே காரில் போய் அழைத்துவருகிறேன். ரைசா வருவதில்லை. வரச் சொன்னேன்.

“அங்க நான் என்னத்துக்கு? அவனுக்கு நான் வேண்டியதில்ல” என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று பிரிக்க முடியாத குரல்.

அவன் பிறந்ததிலிருந்து அவளுக்கென்று கிடைத்த முதல் ஒரு மணி நேரம் அது. என்ன செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். முதல் வாரம் வீட்டைக் கூட்டினாளாம், அடுத்த வாரம் துணி மடித்தாளாம். இப்போதெல்லாம் காபி போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம்.

“இன்னும் உன்கூட நீயே சண்டை போட்டுக்கறியா?”

“இல்ல. ரொம்ப அமைதியா இருக்கு, பெரெட்ஸ். பழகணும்.”