மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு

1. தறியை நிறுத்தச் சொன்னேன்

நான் சூலூர்ப் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். ரிட்டயர் ஆக ஒரு வருடம்கூட இல்லை. கொசுப்புழு தேடித் தொட்டி தொட்டியாக எட்டிப் பார்த்து, கொரோனாவில் வீட்டுக்கு வீடு ஸ்டிக்கர் ஒட்டித் திட்டு வாங்கி, அலுத்துப் போயிருந்தேன். இனி புதிதாக ஒரு வியாதி வராமல் இருந்தால் போதும் என்றிருந்தபோதுதான் வந்தது.

சந்திரன் வளைகுடாவில் டிரைவராக இருந்து ஊர் திரும்பியவர். காய்ச்சல் வந்து, கழுத்தில் நெறி கட்டி, பிறகு முகத்திலும் உள்ளங்கையிலும் கொப்புளம் போட்டது. எங்கள் டாக்டர் கொப்புளத்தில் ஸ்வாப் எடுத்து அனுப்பினார். குரங்கம்மை என்று ரிசல்ட் வந்தது.

சொல்வதற்கு நான்தான் போனேன். விசைத்தறி ஓடுகிற வீட்டில் கத்தினால்தான் காதில் விழும். இந்தப் பெயரை எப்படிக் கத்துவது? தறியை நிறுத்தச் சொன்னேன். பட்டப்பகலில் தறி நின்றதும் தெருவே எட்டிப் பார்த்தது. நல்ல ரகசியம்!

சந்திரனின் மனைவி மகேஸ்வரிக்கு ஏழாம் மாதம். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏனுங்க சார், எனக்கும் ஒட்டிக்குங்களா? வயித்துல இருக்கறதுக்கு ஏதாச்சும் ஆயிருங்களா?"

"அவரைத் தொடாம, அவரு பாய், துண்டு, போர்வை எதையும் தொடாம இருங்க அம்மணி. உங்களுக்கு வந்துட்டாத்தான் கொழந்தைக்குச் சிக்கல்."

2. ஸ்டிக்கருக்குப் பதில் வேப்பிலை

ஆஸ்பத்திரி என்றதுமே சந்திரன் முகம் மாறிவிட்டது. ஸ்டிக்கர் என்றதும் அவர் அம்மா ராஜம்மாள் பிடித்துக்கொண்டார்.

"சீட்டு ஒட்டுனீங்கன்னா நாளைக்கு ஒருத்தரும் பாவு நூல் குடுக்க மாட்டாங்க சார். நாங்க தறிய வித்துப்போட்டுப் போகட்டுங்களா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் பக்கம் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினால் அழைத்தாலும் யாரும் உள்ளே வரமாட்டார்கள். போலீஸ் நின்றால்கூட அவ்வளவு கட்டுப்பாடு இருக்காது. வேப்பிலையே கட்டச் சொன்னேன். சந்திரனுக்குத் தனி அறை, தனித் தட்டு. டாக்டரும் சம்மதித்தார். கிளம்பும்போது மகேஸ்வரியிடம் சொன்னேன்:

"வாசல்ல வேப்பிலை இருக்கற வரைக்கும் நீங்க அந்த ரூம் பக்கமே போகக்கூடாதுங்க அம்மணி."

நூல்காரர் தெருவிலேயே பாவு நூலை இறக்கிவிட்டுப் போனார். ஒருவரும் படி ஏறவில்லை. என் சாமர்த்தியத்தை மீட்டிங்கில் சொல்லிப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

3. இறங்கிட்டாங்க

முதல் பத்து நாள் தினமும் போனேன். பிறகு பக்கத்து ஊரில் டெங்கு. போனில் கேட்டால் "நல்லா இருக்கறமுங்க" என்றார்கள். விட்டுவிட்டேன். நாலைந்து நாள் கழித்துப் போனபோது வாசலில் வேப்பிலை இல்லை.

"நேத்து மூணாந் தண்ணி ஊத்திப்போட்டனுங்க சார். ஆத்தா எறங்கிட்டாங்க" என்றார் ராஜம்மாள், நிம்மதியாக.

சந்திரன் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை முழுக்கப் பொருக்கு. கொல்லையில் மகேஸ்வரி அவருடைய போர்வையை வெறும் கையால் துவைகல்லில் அடித்துக்கொண்டிருந்தாள்.

சாதாரண அம்மையில் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால் ஒட்டுகிற காலம் முடிந்தது. மூன்றாம் தண்ணீரும் ஏறக்குறைய அப்போதுதான் ஊற்றுவார்கள். குரங்கம்மை அப்படியில்லை. பொருக்கிலும் கிருமி இருக்கும். கடைசிப் பொருக்கும் உதிர்ந்து, அடியில் புதுத் தோல் மூடுகிற வரை ஒட்டும். இது எனக்குத் தெரியும். மீட்டிங்கில் அட்சரம் பிசகாமல் ஒப்பித்திருக்கிறேன். அந்த வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். துணிகளை வெந்நீரில் போடச் சொன்னேன். திரும்ப வேப்பிலையும் கட்டச் சொன்னேன். செய்தார்கள்.

4. வார்டில்

பத்து நாள் கழித்து மகேஸ்வரிக்குக் காய்ச்சல். மறுநாள் விரல் இடுக்கில் கொப்புளம். கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

"தனியா வைக்கறதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கும், விடுங்க" என்றார் எங்கள் டாக்டர், என்னைத் தேற்றுவதற்கு. ஒட்டினால் இருபத்தொரு நாளுக்குள் தெரிந்துவிடும் என்ற கணக்கு எனக்கும் தெரியும். அவரைத் தனியாக வைத்து அந்த நாள் கணக்கு தாண்டிவிட்டது. அது அந்தப் போர்வைதான்.

கொப்புளமெல்லாம் ஆறி வார்டு மாற்றியபின் பார்க்கப் போனேன். திட்டுவாள் என்று தயாராகப் போனேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்:

"வேப்பிலை எடுக்கற வரைக்கும் நான் அந்த ரூம் பக்கமே போகலீங்க சார். நீங்க சொன்ன மாதிரியேதானுங்க இருந்தேன்."

ஏதோ தப்பு அவள் மேல் இருப்பதுபோல அதைச் சொன்னாள். தப்பு என் மேல் என்று அவளிடம் சொல்ல வேண்டியதை ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாசலைக் காட்டி நாள் குறிக்காதீர்கள். நோயாளியின் கையைக் காட்டிச் சொல்லுங்கள்: இந்தப் பொருக்கு ஒவ்வொன்றும் விழ வேண்டும், கீழே புதுத் தோல் வர வேண்டும், அதுவரை தனிப் படுக்கை. ஜனங்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று சர்வீஸ் முழுக்கப் புலம்பியவன் நான். மகேஸ்வரி நான் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டாள்.