ஒரே நாசில், இரண்டு விலை

1. பெரிய முதலாளியின் கேள்வி

"காசிம் பத்து ரூபாய்க்கு வாங்கியிருக்கான். நீ பதினாலு குடுத்திருக்க. ஏன் சுப்பையா?"

சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தில் நான் இன்ஜின் டிரைவராக இருந்தபோது பெரிய முதலாளி என்னிடம் கேட்ட கேள்வி இது. வருடத்தில் நாலைந்து தடவை கேட்பார். சாமான் மட்டும் மாறும். ஒரு தடவை ரிங் செட், ஒரு தடவை கேஸ்கட், ஒரு தடவை வால்வு. காசிம் பெயர் மட்டும் மாறவே மாறாது.

ஐம்பதுகளின் பின்பாதி அது. ஊருக்குக் கரண்டு வந்திருந்தது. ஆனால் தீபாவளி சீசனில் லேபிள் ஆர்டர் குவிந்து கிடக்கும்போது அது எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அச்சகத்துப் பின்னால் ஒரு கொட்டகையில் ஐந்து குதிரைச் சக்தி ஆயில் இன்ஜின் ஒன்று தயாராக நிற்கும். அதை ஓட்டுவதும், பிரித்து மாட்டுவதும், தேய்ந்துபோன பாகத்துக்கு விருதுநகர் போய்ப் புதுச் சாமான் வாங்கி வருவதும் என் வேலை.

எதிர்ச்சாரியில் இருந்த அச்சகம் முதலாளியின் தம்பியுடையது. சின்ன முதலாளி என்போம். அங்கே இன்ஜின் டிரைவர் காசிம். என்னைவிட ஆறு வயது இளையவன். இரண்டு இன்ஜினும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். சாயங்காலம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து காப்பி குடிக்கும்போது இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் கேள்வி எனக்கு வரும்.

நான் பதில் சொன்னதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்தேன் என்று சொல்லக்கூட எனக்கு வராது. தலையைக் குனிந்துகொண்டு கொட்டகைக்குப் போய்விடுவேன்.

2. வாயைத் திறந்த நாள்

காசிமைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவன் இன்ஜின் ஓடும் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்கும். இடையில் ஒரு தடவை தட்டினால் எனக்குள் சந்தோஷமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அவன் அதைச் சரிசெய்துவிடுவான். அன்று எனக்குச் சோறு இறங்காது.

சாமான் வாங்கப் போவதென்றால் அவன் குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவான். மிஷின் ஆட்கள், "என்ன மாப்ளே, பொண்ணு பாக்கவா?" என்று கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். வேலை செய்கிறவன் என்று காட்டிக்கொள்ள வெட்கப்படுகிறான் என்று நான் நினைத்தேன். நான் அப்படி இல்லை. இன்ஜினைப் பிரித்துப் போட்ட கையோடு, வேஸ்ட் துணியில் ஒரு துடை துடைத்துவிட்டு பஸ் ஏறுவேன். என் கைக் கரியைப் பார்த்தால், இவன் தொழில் தெரிந்தவன், இவனை ஏமாற்ற முடியாது என்று கடைக்காரருக்குப் புரியும் அல்லவா? வாய் பேசாத எனக்காகக் கை பேசும் என்று நம்பியிருந்தேன்.

அந்த சீசனில்தான் நாசில் விஷயம் வந்தது. டீசலைப் பூவாகத் தூவி உள்ளே அனுப்பும் சின்னப் பாகம் அது. விரல் நீளம்கூட இருக்காது. அது போனால் இன்ஜின் கரும்புகை கக்கும், இழுவை இருக்காது. காசிம் பத்து ரூபாய்க்கு வாங்கிய நாசிலை நான் பதினாலுக்கு வாங்கி வந்திருந்தேன். இந்தத் தடவை முதலாளி மிஷின் ஆட்கள் நடுவில் வைத்துக் கேட்டார். பைண்டிங் பகுதியிலிருந்து ஒருவர், "அண்ணாச்சியைக் காசிம்கிட்ட டியூஷனுக்கு அனுப்புங்க மொதலாளி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றுதான் என் வாய் திறந்தது.

"அந்த வெலைக்குப் புதுசு கெடைக்காது மொதலாளி. பழசை மண்ணெண்ணெயில கழுவிப் பெட்டி மாத்திக் குடுத்திருப்பாக."

சிரிப்பு நின்றது. முதலாளி என்னையே பார்த்தார். "அப்ப என் தம்பி இன்ஜின்ல பழைய சாமானை மாட்டிட்டு, புதுசுன்னு பில்லு காட்டுதானா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் எதிர்க் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். விசாரித்து முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று காசிமிடம் சொல்லிவிட்டார்கள். அவன் வீட்டில் ஆறு பேர். சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன். பழைய சாமான் மாட்டியவன் என்று பெயர் வந்துவிட்டால் சிவகாசியில் வேறு எந்தக் கம்பெனியும் அவனை இன்ஜின் பக்கம் விடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

3. கடைக்காரர் பார்த்த இடம்

மூன்றாம் நாள் சின்ன முதலாளி ஒரு யோசனை சொன்னார். நானும் காசிமும் ஒரே நாளில் ஒரே கடைக்குப் போய் ஆளுக்கு ஒரு நாசில் வாங்கி வரவேண்டும். இரண்டையும் மேஜையில் வைத்து, மூத்த ஆளான நான் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். காசிம் வாங்கியது பழசு என்றால் அவனுக்கு வேலை இல்லை.

காலையில் இன்ஜினைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்து போனேன். பஸ்ஸில் காசிம் என் பக்கத்தில் உட்கார்ந்தான். யார் சொன்னது என்று கேட்கவில்லை. "வெயில் அடிக்கும்ணே, நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று ஜன்னல் இடத்தை மாற்றிக்கொண்டான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விருதுநகரில் இறங்கியதும் மிளகாய் வத்தல் நெடியில் இரண்டு பேரும் தும்மினோம். "நீங்க முன்னால போங்கண்ணே. நான் அங்கன கொழாயில மொகம் கழுவிட்டு வாரேன்" என்றான்.

நான் கடை ஏறினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"வாங்க. இன்ஜினைப் பிரிச்சுப் போட்டாச்சு போல?"

"ஆமா. நாசில்."

"சீசன் நேரம். செரமந்தான். பதினாலு குடுங்க."

கொடுத்தேன். எதிரே ஒரு சாக்குக் கடை ஓரம் நின்றுகொண்டேன். காசிம் வந்தான்.

"என்ன பாய், ஆளையே காணோம்?" என்றார் கடைக்காரர்.

"பெல்ட் என்ன வெலை அண்ணாச்சி?"

கடைக்காரர் சொன்னார். காசிம் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம். நாசில் ஒண்ணு வாங்கி வச்சுக்கிடலாம்னு பாத்தேன்" என்றான்.

"பதிமூணு."

"இருக்கட்டும். அடுத்த மாசம் மருதைக்குப் போவேன். அங்கன பாத்துக்கிடுதேன்." அவன் படி இறங்கிவிட்டான்.

"பாய், நில்லுங்க. உங்களோட பெரிய தொல்லை. பத்து குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

எனக்கு எடுத்துக் கொடுத்த அதே தட்டிலிருந்து, அதே அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

4. மேஜைமேல் இரண்டு பெட்டி

இரண்டு முதலாளிகளும் உட்கார்ந்திருக்க, காசிம் ஓரமாக நிற்க, நான் இரண்டு நாசிலையும் பிரித்தேன். இரண்டிலும் ஒரே நம்பர். உள்ளே இருக்கும் ஊசி இரண்டிலும் ஒரே மாதிரி வழுக்கி இறங்கியது. கம்பெனி பூசிய கிரீஸ்கூடக் கலையவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கீறலாவது இருக்காதா என்று தேடினேன். 'இது பழசு' என்று நான் சொன்னால் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. எதிர்க் கொட்டகையில் காசிம் ஓட்டும் இன்ஜின் சத்தம் இனிக் கேட்காது. காலையில் அந்தக் கேள்வியும் வராது. இந்த நினைப்பு வந்தது உண்மை.

"சொல்லு சுப்பையா."

"ரெண்டும் புதுசு. ரெண்டும் ஒண்ணுதான்."

சின்ன முதலாளி நிம்மதியாக மூச்சு விட்டார். பெரிய முதலாளி விடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நாலு ரூபா எங்க போச்சு? கடையில கமிஷன் வாங்குதியா? எம்புட்டு வருசமா நடக்கு இது?"

இப்படிக் கேட்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காசிமைக் காப்பாற்றிய வார்த்தை என்னைத் திருடனாக்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"மொதலாளி, அண்ணன் கையைப் பாருங்க" என்றான் காசிம்.

"கையில என்னலே இருக்கு?"

"கரி. கரிக் கையோட போய் நின்னா, இங்கன இன்ஜின் பிரிஞ்சு கெடக்குன்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சுபோகும். வாங்காமத் திரும்ப மாட்டாகன்னு தெரிஞ்சப்புறம் அவுக வச்சதுதானே வெலை? நான் இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே போயிருவேன். கையைக் கழுவிட்டுப் போவேன். அம்புட்டுத்தான்."

பெரிய முதலாளி எழுந்து வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஒரு சோப்புக்கட்டி வாங்கிக் குடுத்திருந்தா எனக்கு எம்புட்டு மிஞ்சியிருக்கும்!"

என் வேலை பிழைத்தது. ஆனால் அவன்மேல் எனக்கு அதிகமாகப் பொறாமை வந்தது அந்த நிமிஷத்தில்தான். இத்தனை வருடம் நான் சொல்ல முடியாததை அவன் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டான். அதையும் எனக்காகச் சொன்னான்.

வெளியே வந்ததும், "நான்தான் சொன்னேன், பழசுன்னு" என்றேன்.

"தெரியும்ணே. என் சாமானை அம்புட்டு உத்துப் பாக்குறது வேற யாரு?" கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொத வருசமே சொல்லியிருப்பேன்ல?" என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

இன்ஜின் கொட்டகைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தேயும் பாகங்களில் ஒவ்வொன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். சீசன் முடிந்து மழை பெய்யும்போது வாங்குங்கள். பழைய பாகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நகக்கண் வரை கழுவுங்கள். வேண்டிய சாமானை இரண்டாவதாகக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. காசிமிடம் கேட்காததற்கு என் கூச்சம்தான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கேட்டால், அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்ற எரிச்சல்தான் காரணம். அந்த எரிச்சலால் முதலாளிக்கு வருடக்கணக்கில் நஷ்டம். ஒரு குற்றமும் செய்யாதவன் சீசன் நேரத்தில் மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது இன்றும் உள்ளே கொஞ்சம் எரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.