நேர்ந்துவிட்ட சேவல்

சேவல் வாயைத் திறந்தபடி நின்றதை முதலில் பார்த்தது நான்தான். பங்குனி மாதம், உச்சிவேளை. மலைப்பக்கமிருந்து வரும் காற்று அந்த வருடம் மாசியிலேயே நின்றுபோயிருந்தது. இராஜபாளையத்தில் மேற்குக் கடைசித் தெரு எங்களுடையது. கொல்லையில் நின்றால் மலை முழுவதும் தெரியும். காற்று வராத நாளில் அந்த மலையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

அது சாதாரணச் சேவல் இல்லை. மலையடியில் அய்யனார் கோவில் இருக்கிறது. அங்கே காவலுக்கு நிற்கும் கருப்பசாமிக்கு என் மாமியார் நேர்ந்துவிட்டது. என் ஓரகத்திக்காக நேர்ந்தது. ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு அதற்கு முன் பிறந்த இரண்டும் மூச்சில்லாமல் பிறந்தன. மூன்றாவது வயிற்றில் தங்கியதும் மாமியார் மஞ்சள் துணியை எடுத்து ஒரு சேவல் குஞ்சின் காலில் கட்டிவிட்டார். சித்திரையில் நடக்கும் கோவில் கொடைக்கு அது உயிரோடு போய்ச் சேர வேண்டும். இடையில் செத்துப்போனால் சாமிக்கு மனசில்லை என்று அர்த்தம். இதை யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

நேர்ந்துவிட்ட சேவலுக்கு முறைகள் உண்டு. அடிக்கக் கூடாது, இறகு பிடுங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அதன்மேல் தண்ணீர் படக் கூடாது. கோவிலில் மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளிப்பார்கள். சேவல் உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அறுப்பார்கள். சிலுப்பும்வரை காத்திருப்பார்கள். வேறு இடத்தில் தண்ணீர் பட்டுச் சிலுப்பிவிட்டால் அந்த உத்தரவு யார் கொடுத்தது, எந்தக் காற்றுக் கருப்பு கொடுத்தது என்று யாருக்குத் தெரியும்? மழை தூறினாலே மாமியார் ஓடிப்போய் அதை முந்தானைக்குள் மூடி வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுவார்.

கோழிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு வாய் கிடையாது. திருவில்லிபுத்தூரில் மூன்றாம் வகுப்புவரை படித்தேன். அங்கேயும் வாத்தியார் கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வேன். புகுந்த வீட்டில் மாமியாரிடம் பேச வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன். கோழியிடம் பேசத் தேவையில்லை, பார்த்தால் போதும். அதனால் கொல்லையில் நடப்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதலில் முட்டை ஓடு மெலிந்தது. கையில் எடுத்தால் விரல் பதிந்தது. பிறகு பெட்டைகள் உச்சிவேளையில் தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அக்குளில் கட்டி வந்தவர்கள் கையைத் தூக்கி நிற்பதுபோல நின்றன. தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. கொத்திக் கீறி எப்போதும் சத்தமாக இருக்கும் கொல்லையில் சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "வதினா, எங்க வீட்ல ரெண்டு போயிருச்சு" என்று மாமியாரிடம் சொன்னார். மறுநாள் எங்கள் அடைக்கோழி செத்துக் கிடந்தது. முட்டையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், மேலே கூரைச் சூடு, கீழே முட்டைச் சூடு, உட்கார்ந்தபடியே போயிருக்கிறது. அலகு திறந்தே இருந்தது. நான் அதை முந்தானையில் மறைத்து எடுத்துப்போவதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். நிறைமாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டைகளைத்தான் பார்த்தாள்.

தெருவில் கழிச்சல் நோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். கோழிக்கு முதலில் வரும், அப்புறம் மனுசருக்கு வரும் என்று கிணற்றடியில் பேசினார்கள். மாமியார் சீக்குக்குச் செய்கிற எல்லாவற்றையும் சேவலுக்குச் செய்தார். குதிர் இருக்கும் இருட்டு அறையில் அதைப் பஞ்சாரக் கூடையால் மூடி, கூடைமேல் சாக்கைப் போர்த்தி, நோய்க்காற்று அண்டாமல் கதவை அடைத்தார். வேப்பிலைப் புகை போட்டார். மிளகும் பூண்டும் நசுக்கி உருண்டையாக்கி வாய்க்குள் திணித்தார். தண்ணீர் குடித்தால் கழியும் என்று சட்டியையும் எடுத்துவிட்டார். அவர் அன்போடுதான் செய்தார். திணித்த பிறகு அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அது கழிச்சலாகத் தெரியவில்லை. எச்சத்தை அள்ளுகிறவள் நான். கழிச்சல் எச்சம் வெள்ளையும் பச்சையுமாக, மூக்கைப் பிடிக்க வைக்கும். இது வெறும் தண்ணீர், நாற்றமில்லை. தாகத்துக்குக் குடித்துக் குடித்துப் போனது. அதுவும் போக, கழிச்சல் வந்த கோழி விடியலிலும் சுருண்டுதான் கிடக்கும். இவை விடியலில் நன்றாகக் கொத்தித் தின்றன. வெயில் ஏற ஏற வாயைத் திறந்தன, இறங்கினால் மூடின. சீக்குக்கு உச்சிவேளையும் சாயங்காலமும் தெரியுமா? இத்தனையும் எனக்குள் ஓடியது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமியார் கிணற்றுக்குப் போயிருந்தார். ஊற்று வற்றி, குடம் நிறைய நேரமாகும் காலம். ஆம்பிளைகள் பருத்திக் காட்டில். அக்கா அடுப்படி நிலையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அறைக்குள் கூடையில் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது.

"போய்ப் பாருடி" என்றாள்.

கதவைத் திறந்ததும் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கூடையைத் தூக்கினேன். சேவல் ஒருச்சாய்ந்து கிடந்தது. சிவப்புக் கொண்டை நாவல்பழம் மாதிரி கறுத்திருந்தது. காலைத் தொட்டேன், கொதித்தது. கண்ணைத் திறக்கத் திறக்க அது தானாக மூடிக்கொண்டது.

அக்கா எழுந்து வந்து என் பின்னால் நின்றாள்.

"செத்துருச்சா?"

"இல்லக்கா. மூச்சு இருக்கு."

"எம்புட்டு நேரத்துக்கு?"

அன்றைக்கு எனக்கு வாய் வந்தது. இது சீக்கு இல்லை, சூடு. பூட்டி வைத்துச் சூட்டை ஏற்றுகிறோம் என்று அடைக்கோழியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இதை எம்புட்டு நாளா நெஞ்சுக்குள்ள வச்சிருந்த? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "தண்ணி ஊத்தாம எப்பிடிடி சூடு எறங்கும்? ஊத்துனா சிலுப்பும். சிலுப்புனா எம்புள்ள?" என்றாள்.

கோழிகள் தாமாகவே என்ன செய்யும் என்று யோசித்தேன். துவைகல்லுக்குப் பக்கத்தில் சகதியில் போய் நிற்கும். தலையை நனைக்காது, காலை மட்டும்தான் நனைக்கும்.

சேவலைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். வேம்பு நிழலில் அகலமான மண்சட்டியை வைத்து, பானைத் தண்ணீரைக் கணுக்கால் அளவு ஊற்றி, அதன் கால்கள் இரண்டையும் அதற்குள் விட்டேன். நிற்கவில்லை, நெஞ்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா நிறைவயிற்றோடு சுற்றிலும் மண்ணில் தண்ணீர் தெளித்தாள், சாக்கை நனைத்து வெயில் பக்கம் கொடியில் போட்டாள். நான் விரலை நனைத்து அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். முதலில் வழிந்துபோயிற்று. பிறகு தொண்டை அசைந்தது. விழுங்கியது. தண்ணீர் சூடானதும் மாற்றினோம், பிறகு மறுபடி மாற்றினோம். வீட்டில் குடிக்க வைத்த தண்ணீர் அது. அக்காதான் பானையைச் சரித்துக் கொடுத்தாள்.

வெகுநேரம் கழித்துக் கொண்டை விளிம்பில் சிவப்பு தெரிந்தது. சேவல் தானாக நின்றது. சட்டித் தண்ணீருக்குள் அலகை விட்டுக் குடித்தது. குடித்துவிட்டு, தலை முதல் வால்வரை உடம்பைச் சிலுப்பியது.

நாங்கள் இருவரும் அசையவில்லை. பின்வாசலில் குடத்தை இடுப்பில் வைத்தபடி மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமாக நின்றாரோ. குடத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

"மேல பட்டுச்சா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மறைந்துகொள்ள அங்கே கதவு இல்லை.

"இல்ல அத்தை. காலு மட்டுந்தான்."

மாமியார் முகம் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் பக்கத்தில் வந்து குனிந்து, இறகு இறகாக விலக்கித் தொட்டுப் பார்த்தார். நனையவில்லை. "காலோட நிறுத்திக்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து தீனியை விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான் போட்டேன். மத்தியானத்தில் நீர்மோர் வைத்தேன். வெயில் ஏறியதும் எல்லாக் கோழிகளும் ஈரமண்ணில் வந்து படுத்துக்கொண்டன. சேவல் தினமும் சட்டியில் ஏறித் தானே நிற்கப் பழகியது. அதன் பிறகு எங்கள் கொல்லையில் ஒன்றும் சாகவில்லை. கிணற்றடியில் மற்ற வீட்டுக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது. எங்கள் வீட்டைப் பார்க்கிற பார்வையும் மாறியது. அந்த வீட்டில் மட்டும் எப்படி என்று கேட்டார்கள்.

கொடை வந்தது. அக்காவை வீட்டில் விட்டு, மாமியாரும் நானும் மற்றவர்களோடு வண்டி கட்டிப் போனோம். கோவிலடி ஆற்றில் தண்ணீர் இல்லை. பாறைகள் வெயிலில் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன. எங்கள் முறை வந்தது. பூசாரி மஞ்சள் தண்ணீரைச் சேவல் தலையில் தெளித்தார்.

சேவல் சும்மா நின்றது.

மறுபடி தெளித்தார். பிறகு சொம்போடு ஊற்றினார். தண்ணீர் கழுத்து வழியாக ஓடிக் கால் நகத்தில் சொட்டியது. அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சுகமாக நின்றது. தண்ணீரைக் கண்டு திடுக்கிடுவதை அது மறந்துவிட்டிருந்தது. ஏன் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மாமியார் என் பக்கம் திரும்பவில்லை. என் கையை மட்டும் பிடித்தார். மேளம் நின்றது. பின்னால் சேவலோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகி நின்றார்கள். கடைசியில் பூசாரி, உத்தரவு இல்லை, கொண்டு போங்கள் என்றார்.

வரும் வழியெல்லாம் சேவல் என் மடியில் உலர்ந்துகொண்டு வந்தது. வாசலில் அக்கா நின்றாள். என் கையில் அது உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் படி இறங்கி வந்தாள்.

"வேண்டாம்னுட்டாரா?"

"சிலுப்பல தாயி" என்றார் மாமியார்.

அக்கா சேவலைக் கையில் வாங்கிக்கொண்டாள். "சேவலத்தான வேண்டாம்னாரு. எம்புள்ளையக் கேக்கலேல்ல?" என்றாள்.

அந்த வாரத்திலேயே வலி கண்டது. விடியலில் தொடங்கி வெயில் உச்சிக்கு வந்தும் முடியவில்லை. நான் வெந்நீரும் துணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் மாமியார் கொல்லைப் பக்கம் போய்ச் சேவலைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு உள்ளே ஒரு அழுகைச் சத்தம், மெல்லியது, விட்டு விட்டு. பெண் குழந்தை. மருத்துவச்சி அதைத் துணியில் சுற்றி நீட்டினாள். மாமியார் வாங்கவில்லை.

"உசுரு இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு நேரே கொல்லைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். சேவல் சட்டியில் நின்று கொண்டிருந்தது. அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டித் தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்தார். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். மலைப்பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

"ஏட்டி" என்றார். "இது உசுரோட இருந்தாத்தான புள்ளைக்கும். சேவலுக்கு எம்புட்டு வருசம் ஆயுசு?"

யார் வீட்டிலும் சேவலை அது தானாகச் சாகும்வரை விட்டு வைத்து நான் பார்த்ததில்லை.